தப்பு டப்பா

"இன்னும் கொஞ்சம் கிட்ட பிடிங்க. ரெண்டு ரெண்டா தெரியுது."

செக்கர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, அட்டையை மனைவியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கையகல அட்டை. அவள் பார்க்கும் பக்கத்தில் ஒரே ஒரு ஜப்பானிய எழுத்து, தடித்த மையில் பெரிதாக. அவர் பார்க்கும் பக்கத்தில் அதன் உச்சரிப்பும் அர்த்தமும், தமிழில், அவளுடைய பொடிக் கையெழுத்தில். செக்கருக்கு ஜப்பானிய மொழியில் ஆனா ஆவன்னா தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவள் சொல்வது பின்பக்கம் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொன்னால் போதும்.

"இந்தப் பக்கம் நூல் இருக்கு. அந்தப் பக்கம் நல்லது..." அவள் கண்ணை மூடித் திறந்தாள். வெள்ளை விழியெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. "கிழிஞ்சதைச் சரிபண்ணித் தைக்கிறது."

"சரி."

அட்டை போர்வையின் மேல், அவளுடைய வலது கைப்பக்கம் போனது. அடுத்ததை எடுத்தார். அவள் நெடுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

"அணை," என்றாள் கடைசியில்.

"தப்பு. மலையடிவாரம்."

"ஆமால்ல. மேல ரெண்டு மரம் இருக்கே. சே."

அந்த அட்டை அவருடைய மடியில் இருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. கதவோரம் நின்றிருந்த மகள் அப்பாவை முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

செக்கர் என்பது அவர் பெயரல்ல, வேலை. போல்ட் செய்யும் தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் கேஜ் என்ற அளவு வளையத்தில் சுழற்றிப் பார்த்து, நுழைந்தால் பச்சைத் தொட்டியிலும் நுழையாவிட்டால் சிவப்புத் தொட்டியிலும் போடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன். முதலாளியே வந்து நின்று, "இதுல என்னய்யா குறை, போகட்டும் விடு," என்றாலும் போகவிட மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். கல்யாண வீடுகளில் சாப்பாடு எப்படி என்று அவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. மாமியார் உட்பட எல்லாரும் செக்கர் என்றே கூப்பிட்டுப் பழகி, சொந்தப் பெயர் அவருக்கே அந்நியமாகப் போய்விட்டது.

அவர் மனைவிக்கு, ஜப்பானிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலை. அங்கிருந்து இன்ஜினியர்கள் வரும்போதெல்லாம் கூடவே நின்று, அவர்கள் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவர்களுக்கும் சொல்வாள். பேச்சில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் காகிதம் என்று வந்துவிட்டால், ஒப்பந்தமோ கையேடோ, அது நேற்று வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் மேஜைக்குப் போய்விடும். அந்தப் பெண்ணிடம் ஜப்பானிய மொழியின் மேல்நிலைத் தேர்வுச் சான்றிதழ் இருந்தது. இவளிடம் அதற்கு ஒரு படி கீழே இருப்பது மட்டும்தான். நடுவில் நின்றது அந்த எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு படம். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு சின்னப் படம்.

"கூட்டுக் குடும்பம் மாதிரிங்க இது," என்பாள். "வாசல்ல ஒரே பேருதான் எழுதியிருக்கும். உள்ள போனா நாலு பேரு நாலு மூலையில உட்கார்ந்திருப்பாங்க."

பஸ்ஸில் உட்கார்ந்து தொடையில் விரலால் எழுதிப் பார்ப்பாள். பக்கத்தில் இருக்கும் அம்மாள் சொறி சிரங்கோ என்று தள்ளி உட்காருவாள். பாத்திரம் கழுவும்போது ஈர விரலால் சுவர் ஓட்டில் எழுதுவாள், அடுத்ததை எழுதுவதற்குள் முதலாவது காய்ந்து போயிருக்கும். இப்படியெல்லாம் படித்தும் முதல் தடவை தோற்றுத்தான் வந்தாள். வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் செக்கர் முன்னால் நின்றாள்.

"வகுப்புல எல்லாரும் சூப்பர்ங்கறாங்க. சொல்லித் தர்ற பொண்ணும் சூப்பர்ங்கறா. சூப்பர் சூப்பர்னு கேட்டுக்கிட்டே போயி மண்ணைக் கவ்விட்டு வந்திருக்கேன். நீங்கதான் பொறந்ததுல இருந்து யாரையும் சூப்பர்னு சொன்னதில்ல. இனிமே நீங்க கேளுங்க."

அன்று தொடங்கியது இது. சாயங்காலம் இரண்டு பேரும் வேலை விட்டு வந்து, முகம் கழுவி, சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்கார்வார்கள். சரியானது அவள் பக்கம் போகும், பிறகு செருப்புப் பெட்டிக்குள் போய் நீண்ட ஓய்வு எடுக்கும். தப்பானது பிஸ்கட் டப்பாவுக்கு. மறுநாள் பாடம் டப்பாவைத் திறந்துதான் தொடங்கும். தப்பு டப்பா என்று பெயர் வைத்தவள் மகள். அது காலியாக இருந்த நாளே கிடையாது. "காலியாயிட்டா நாளைக்கு எதைக் கேட்பீங்க?" என்று அவள் சிரிப்பாள்.

அப்புறம் வயிறு வீங்கத் தொடங்கியது.

இன்று பாடத்தின் நடுவிலேயே நர்ஸம்மா வந்துவிட்டதால் செக்கர் எழுந்து இடம் விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து தினம் காலையில் வந்து உடம்பு துடைத்து, ஊசி போட்டு, திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போகிறவர். அறைக் கதவு சாத்தப்பட்டதும் மகள் அவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"ஏன்?"

"இப்பவும் தப்பு தப்புன்னு சொல்லணுமா? நேத்து பத்து அட்டையில ஒண்ணு ரெண்டுதான் சரின்னீங்க. மூஞ்சி எப்படிச் சுருங்கிப் போச்சு பாத்தீங்களா? அம்மா இனிமே பரீட்சை எழுதவா போறாங்க?"

அதைச் சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியவள் மகள்தான். கிருமித் தொற்று, மருந்து வேலை செய்ததும் தெம்பு வந்துவிடும் என்று அவளே கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னாள். அம்மா உடனே, "அப்ப ஞாயித்துக்கிழமை பரீட்சைக்குப் போயிடலாம்ல?" என்று கேட்டாள். "கார் சொல்லிடறேன்மா, சக்கர நாற்காலியும் ஏற்பாடு பண்ணிடறேன்," என்றாள் மகள், கண் இமைக்காமல். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள் அவள். நாள் முழுக்க, வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிச் சொல்லி நன்றாகத் தேறியிருந்தாள்.

"அவ என்னைக் கேக்கச் சொல்றதே அதுக்குத்தானேம்மா," என்றார் செக்கர்.

"எதுக்கு?"

அடுப்பில் பால் பொங்கி வந்தது. மகள் அடுப்பை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"சரின்னு ஒரு வார்த்தை. உங்க சொத்தா குறைஞ்சிடும்?"

நர்ஸம்மா வெளியே வந்து கை கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "வேலைக்கு ரெண்டு பேரும் லீவு சொல்லிட்டீங்கதானே?" என்று கேட்டார். சொல்லிவிட்டோம் என்றார்கள். "பக்கத்துலயே இருங்க," என்றார். மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். படிகளில் நர்ஸம்மாவின் செருப்புச் சத்தம் இறங்கி முடியும்வரை இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"என்னங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க?"

அவர் போய் உட்கார்ந்தார். உடம்பு துடைத்து, தலை வாரி விட்டிருந்ததில் அவள் முகம் தெளிவாக இருந்தது. அவர் அட்டையை எடுத்தார். எழுத்தை அவர் பார்ப்பதில்லை, ஆனால் இந்த எழுத்து அவருக்கு முகப்பழக்கம். டப்பாவிலேயே குடியிருக்கும் ரகம். நாக்கு ஒரு பக்கம். தான் என்பது மேலே, மனசு என்பது கீழே. மூன்றும் சேர்ந்தால் இளைப்பாறல். வேலையெல்லாம் முடித்து நாக்கும் மனசும் தன்னோடு சும்மா உட்கார்ந்திருப்பது என்று அவளே ஒருநாள் கதை சொல்லியிருந்தாள்.

அவள் பார்த்தாள். விரல் போர்வையின் மேல் மெல்லக் கோடு இழுத்தது.

"மூச்சு," என்றாள்.

மகள் வாசலில் வந்து நின்றிருந்தாள். செக்கர் அவளைப் பார்க்கவில்லை என்றாலும் அவள் பார்வை தன் பிடரியில் இருப்பது தெரிந்தது. பின்பக்கத்தில் பொடிக் கையெழுத்தில் இளைப்பாறல் என்று இருந்தது. அவர் அதை இன்னொரு முறை படித்தார்.

"சரி," என்றார்.

குரல் ஒழுங்காகத்தான் வந்தது. கைதான் ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் டப்பாவுக்கு மேல் நின்றது. பிறகு அதை அவளுடைய வலது பக்கத்தில், சரியான அட்டைகளோடு வைத்தார். வாசலில் மகள் பெருமூச்சு விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாலை ஆற்றப் போனாள்.

கட்டிலில் கிடந்தவள் அந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அதை அங்கயா வைக்கிறீங்க?"

"ம்."

"அப்ப நாளைக்கு இது வராதா?"

அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த அட்டையை எடுத்து அவசரமாக நீட்டினார். அவள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, "செருப்பு," என்றாள்.

பின்பக்கத்தில் மூடுபனி என்று எழுதியிருந்தது. செக்கர் வாயைத் திறந்தார். சரியும் வரவில்லை, தப்பும் வரவில்லை.

"அதுவும் சரின்னு சொல்லிடுங்களேன்," என்றாள். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. "நாக்கு இல்லேன்னாதான் அது மூச்சு. நாக்கு ஒண்ணு பக்கத்துல நிக்கறப்ப மூச்சு எங்கேந்து வரும்? சொன்ன உடனே எனக்கே தெரிஞ்சு போச்சு. தப்புன்னு சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

வாழ்நாளில் தெரிந்தே பச்சைத் தொட்டியில் போட்ட ஒரே போல்ட், கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. செக்கருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மகள் மேலும் வந்தது. அட்டையை மடியில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். அது சூடாக இருந்தது.

"டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னாரு?"

"நாள்னு சொல்லல."

"ஞாயித்துக்கிழமை?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே யாரோ மாடியில் போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உதறி, மடித்து, கொடியில் போட்டு முடிக்கும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் ஈரம் சேர்ந்து, காதுப் பக்கம் வழிந்தது. செக்கர் அதைக் கட்டை விரலால் துடைத்தார். மறுபடியும் வழிந்தது, மறுபடியும் துடைத்தார்.

"இந்தத் தடவை தேறியிருப்பேன்," என்றாள்.

"தேறியிருப்ப."

"இதுவும் சும்மா சொல்றீங்களா?"

"இல்ல. இது நிஜம். ஆடி மாசத்துக்கு அப்புறம் டப்பா பாதிகூட ரொம்பினதில்ல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் அதை ஏற்றுக்கொண்டாள் என்று தோன்றியது. செக்கர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே சொல்வதை அவளும் நம்புகிறவள்தான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"சொல்ல வேண்டாம்னது யாரு? அவளா?"

"அவதான்."

"பாவம். பரீட்சைக்குக் கார் சொல்லிட்டேன்னு அவ்வளவு தைரியமாச் சொன்னா பாருங்க. உங்களை மாதிரி இல்ல, நல்லாப் பொய் சொல்றா." பிறகு அவர் விரலை இறுக்கினாள். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாதீங்க. அவ்வளவு பாடுபட்டிருக்கா, வீணாப் போகக் கூடாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

பால் தம்ளரோடு மகள் வந்தாள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டு, "என்ன, பாடம் முடிஞ்சிடுச்சா?" என்று குரலை உயர்த்திக் கேட்டாள்.

"முடிஞ்சிடுச்சு. இன்னைக்கு எல்லாம் சரி," என்றாள் அம்மா. "உங்கப்பாவே சொல்லிட்டாரு."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!"

"ஏம்மா, ஞாயித்துக்கிழமைக்கு அந்த நீல டிரெஸ் இருக்கில்ல, கழுத்துல பூ வேலை பண்ணினது, அதை எடுத்து இஸ்திரி போட்டு வெச்சிடேன்."

"அதுவா? அதைப் போட்டா நல்லா இருக்கும்மா உனக்கு."

"கடைசி நேரத்துல தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. அப்புறம் பென்சில் சீவணும். அங்க பேனா விடமாட்டாங்க. எல்லாம் பென்சில்தான், கட்டம் கட்டமாக் கறுப்பாக்கணும்."

மகளின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் செக்கர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். சாத்த வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

நீல உடை இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டி, அலமாரிக் கதவில் தொங்கியது. மதியம் மகள் கட்டிலோரமே உட்கார்ந்து பென்சில் சீவினாள். பெட்டி நிறையப் பென்சில் இருந்தது. ஒவ்வொன்றையும் சீவி, ஊதி, அம்மாவிடம் காட்டினாள். "ரொம்பக் கூரா வேண்டாம், ஒடிஞ்சிடும்," என்று அம்மா முதலில் சொன்னாள். அடுத்த இரண்டுக்குத் தலையசைத்தாள். அப்புறம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள், பரீட்சைக்கூடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டதைப் பற்றியும், மழை வந்தால் குடை யார் பிடிப்பது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் மூச்சு நீளமாக வந்து, நின்று, யோசித்து, மறுபடி வந்தது. செக்கர் கால்மாட்டில் உட்கார்ந்து வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரும் என்று காத்திருந்தார். மகள் இன்னொரு பென்சிலைச் சீவி ஊதினாள். போர்வை மேல் மரச்சுருள்கள் விழுந்தன.

"இது போதுமாம்மா, பாரு," என்றாள்.

செக்கர் பாதத்தை விடாமல், "போதும்மா," என்றார். "வெச்சிடு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்கு நூல் அறுந்த மாதிரிதான் நினைவிருக்கிறது. மகளின் அலறல். நர்ஸம்மா வந்து கண்ணை மூடிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது. "என்ன உடுத்தி விடறது?" என்று ஒருத்தி வந்து கேட்டபோது மகள் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். செக்கர்தான் அலமாரிக் கதவைக் காட்டினார். தேட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சான்றிதழ்ப் பெண்ணும் வந்திருந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். "மேடம் பக்கத்துல இல்லாம ஒரு மீட்டிங்லகூட நான் வாயைத் திறந்ததில்ல சார்," என்று செக்கரிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார். நேற்றைக்கு முந்தின நாளாக இருந்தால் வீட்டுக்குள் போய் மனைவியிடம் சொல்லிக் கொண்டாடியிருப்பார்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்து, குளித்தார்கள். வாடகை நாற்காலிகளை எடுத்துக்கொண்டு வண்டி போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய சாப்பாடு மேஜையில் இருந்தது. மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. செக்கர் பரிமாறிவிட்டு, தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றார்.

"அப்பா."

"சொல்லும்மா."

"அம்மாவுக்குத் தெரியாதுல்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். விரலால் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி முழுக்க அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன். சொல்லியிருக்கணுமோ, நான்தான் தடுத்துட்டேனோ, யாருகிட்டயாவது ஏதாவது சொல்லணும்னு நினைச்சிருப்பாங்களோன்னு. ஆனா ஞாயித்துக்கிழமைன்னு நினைச்சுட்டே போயிட்டாங்கல்ல? டிரெஸ்ஸெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாங்களே. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பாங்களா? நீங்க சொல்லுங்கப்பா. நீங்க சும்மாச் சொல்ல மாட்டீங்க."

செக்கர் அவளைப் பார்த்தார். அழுது அழுது வீங்கிய கண்களால், தீர்ப்புக்காகக் காத்திருக்கிறவளாக அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

இந்தத் தடவை கை எங்கேயும் தயங்கி நிற்கவில்லை.

"நீ பென்சில் சீவினப்ப அவ்வளவு சந்தோஷமாப் பாத்துக்கிட்டிருந்தா. அதை நான் பாத்தேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்று விழுங்கி, இன்னொரு வாய் எடுத்தாள். செக்கர் அவள் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். அவள் சாப்பிட்டு முடித்து எழுந்து போகும்வரை, செம்பைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.